ஃபைன் கட்டிவிட்டால் கேஸ் முடிந்துவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போங்கள். கோர்ட்டில் "ஆமாம், செய்தேன்" என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், சட்டத்தின் கண்ணில் அதற்குப் பெயர் தண்டனை. தொகை ஐநூறாக இருந்தாலும் பத்தாயிரமாக இருந்தாலும் தண்டனைதான். கையில் கொடுக்கிற ரசீது கரண்ட் பில் ரசீது மாதிரி இருக்கும். ஆனால் அது பின்னாலேயே வரும்.

குடிக்காதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதை முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் சொல்லியாயிற்று. கேட்டவர்கள் கேட்டீர்கள், கேட்காதவர்கள் கேட்கவில்லை. இது கேட்காதவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்குமான பதிவு.

குடி சம்பந்தமாக நம் பையன்கள் மாட்டுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில். ஒன்று, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. இன்னொன்று, ஏரிக்கரை, மைதானம், மொட்டைச் சுவர் என்று பொது இடத்தில் உட்கார்ந்து குடிப்பது, அல்லது போதையில் சத்தம் போடுவது.

முதலில் வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதாக ஊதும் கருவி காட்டினால் குற்றம். 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஓட்டுகிறவன் குடித்திருப்பது தெரிந்தும் அவனை ஓட்டச் சொன்னவர் மீதும் 188-ஆவது பிரிவில், தூண்டியதாக வழக்குப் போட வழி இருக்கிறது.

இங்கேதான் ஒரு குழப்பம் வருகிறது. ஹெல்மெட் போடாததற்கும் பணம் கட்டுகிறோம், இதற்கும் பணம் கட்டுகிறோம், இரண்டும் ஒன்றுதானே என்று பையன்கள் நினைக்கிறார்கள். இல்லை. ஹெல்மெட் போன்ற விஷயங்களை அதிகாரியிடமே பணம் கட்டி, கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துக்கொள்ள அதே சட்டத்தின் 200-ஆவது பிரிவு இடம் தருகிறது. அப்படி முடித்துக்கொள்ளக்கூடியவற்றின் பட்டியலில் 185 கிடையாது. அது நீதிபதி முன்னால் முடிய வேண்டிய வழக்கு.

அடுத்தது பொது இடம். 1937-இல் ராஜாஜி ஆட்சியில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. நடுவில் எத்தனையோ முறை திருத்தினார்கள், மதுவிலக்கை எடுத்தார்கள், வைத்தார்கள். 2003-லிருந்து அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. ஆனால் பொது இடத்தில் போதையில் இருப்பது அந்தச் சட்டத்தின்படி இன்னும் குற்றம். அதற்கு மேல், குடித்துவிட்டுப் பொது இடத்தில் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 510-ஆவது பிரிவு இருந்தது. 24 மணி நேரம் சிறை, அல்லது பத்து ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 355-ஆவது பிரிவு. அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. சிறைக்குப் பதில் சமூக சேவை செய்யச் சொல்லவும் நீதிபதிக்கு வழி கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல மாற்றம்.

பத்து ரூபாய்க் குற்றம்தானே, இதற்கு என்ன பெரிய பதிவு என்று கேட்பீர்கள். ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார், எந்த ஊர் என்று கமெண்டில் துருவ வேண்டாம்.

படிப்பில் சுமார். ஆனால் ஓட்டத்தில் மாவட்ட அளவு வரைக்கும் போனவன். கல்லூரி கடைசி வருஷம் நாலு பேராக ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது ரோந்து போலீஸ் பிடித்தது. அடிதடி இல்லை, யாரிடமும் வம்பு இல்லை. ஸ்டேஷனில் சொன்னார்களாம், "ஒத்துக்கிட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும், இல்லன்னா நடையா நடக்கணும்" என்று. மறுநாள் கோர்ட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். பெயரைக் கூப்பிட்டார்கள், கேட்டார்கள், தலையாட்டினான். அபராதம் கட்டினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டான். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

நாலு வருஷம் கழித்து மத்திய அரசுத் துறை ஒன்றில் எழுத்துத் தேர்வு, உடல் தகுதி எல்லாம் தாண்டித் தேர்வானான். வேலையில் சேர்வதற்கு முன் நிரப்பித் தரவேண்டிய படிவம் வந்தது. உன் மீது வழக்கு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதினான். போலீஸ் விசாரணையில் பழைய வழக்கு வந்து நின்றது. உண்மையை மறைத்ததாகச் சொல்லி நியமனத்தை ரத்து செய்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஏண்டா இல்லைன்னு எழுதின?" என்றேன். "ஃபைன் கட்டியாச்சே சார், கேஸ் முடிஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா" என்று மட்டும் அது கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டிக்கப்பட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். தவறான தகவல் கொடுத்தாலோ மறைத்தாலோ தகுதியிழப்பு என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கும். அந்தக் கேள்விக்கு முடிந்த கேஸ், முடியாத கேஸ் என்ற வித்தியாசம் கிடையாது.

இப்போது முன்பு போலவும் இல்லை. ஒரு காலத்தில் பக்கத்து மாவட்ட ஸ்டேஷன் பதிவேட்டைத் தேடி எடுப்பதற்குள் ஒரு வருஷம் ஆகிவிடும். இப்போது நாடு முழுக்கக் காவல் நிலையங்களைக் கம்ப்யூட்டர் வலையில் இணைத்திருக்கிறார்கள். கோர்ட் வழக்கு விவரங்களை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடலாம். தனியார் கம்பெனிகள்கூட ஆளை எடுப்பதற்கு முன் இதையெல்லாம் பார்க்கின்றன.

குற்றத்தை ஒப்புக்கொள்வதில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனையை எதிர்த்து, தண்டனையின் அளவு அல்லது அது சட்டப்படி சரியா என்பதைத் தவிர, மேல்முறையீடு செய்ய முடியாது. "நான் செய்யவே இல்லை" என்று பிறகு சொல்ல இடமில்லை. அதற்காக வழக்கை இழுத்தடித்தால் சுலபமா என்றால் அதுவும் இல்லை. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆவது பிரிவைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். கோர்ட் அனுமதி வாங்கித்தான் வெளிநாடு போக வேண்டியிருக்கும். நம் மாநிலப் போலீஸ் வேலைக்கான விதியில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானவரைக்கூடக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் கணக்கில் எடுப்பார்கள். காக்கிச் சட்டைக் கனவோடு கிரவுண்டில் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க விசா படிவத்தில், எப்போதாவது கைதானீர்களா, தண்டனை பெற்றீர்களா என்ற கேள்வி உண்டு. மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கடந்த ஐந்து வருஷத்தில் குடி சம்பந்தமாக ஒரு கைது இருந்தாலே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே போன பிறகு குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015-லிருந்து இருக்கிறது. கனடாவில் 2018 டிசம்பர் முதல் இந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை பத்து வருஷம். அதனால் குடியேற்றச் சட்டத்தில் அது கடுமையான குற்றம் என்ற வகைக்குப் போய்விட்டது. நிரந்தரக் குடியுரிமை வாங்கியவருக்கும் ஆபத்து. இங்கே நம் ஊரில் வாங்கிய தண்டனையையும் அந்த நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னது நடப்பு. இனி என் கருத்து.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைச் "சின்னக் குற்றம்" என்ற பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த என் மாணவி ஒருத்தியை, குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவர் இடித்துத் தள்ளினார். அவள் இன்று வரை கால் தாங்கித்தான் நடக்கிறாள். இந்த விஷயத்தில் சட்டம் கடுமையாக இருக்கட்டும். பதிவும் இருக்கட்டும். ஸ்கூல் பஸ் டிரைவரை வேலைக்கு எடுக்கிறவருக்கு அந்த விவரம் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆனால் ஏரிக்கரையில் உட்கார்ந்தவன்? யாரையும் இடிக்காமல், யார் மீதும் கை வைக்காமல், இருபத்தொரு வயதில் ஒரு நாள் பிடிபட்டவன்? அவனுக்கு அபராதம் போடுங்கள். சமூக சேவை செய்யச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் உடைந்து கிடக்கிற பாட்டில்களைப் பொறுக்கச் சொன்னால் நான் கைதட்டுவேன். ஆனால் அந்தத் தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். பத்து ரூபாய்க் குற்றத்துக்கு அறுபது வயது வரை பதில் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமான விகிதம் இல்லை.

இது என் தனி ஆசை இல்லை. 1996-இல் பவன் குமார் எதிர் ஹரியானா அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னதுதான். பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாக ஒரு சுருக்க விசாரணையில் 20 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டவரின் அரசு வேலை பறிபோயிருந்தது. அதை ஒழுக்கக்கேடான குற்றமாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. இப்படிச் சின்னக் குற்றங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கப்பட்டால், அது அரசு வேலையில் சேரவோ தொடரவோ களங்கமாகக் கருதப்படக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றது. சொல்லி முப்பது வருஷம் ஆகப்போகிறது. அப்படி ஒரு பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை.

செய்ய முடியாத காரியமா? இங்கிலாந்தில் 1974-லேயே சட்டம் போட்டார்கள். குறிப்பிட்ட காலம் மறுபடி குற்றம் செய்யாமல் இருந்தால், பழைய தண்டனை காலாவதியானதாகக் கொள்ளப்படும். சில பொறுப்பான வேலைகளைத் தவிர மற்றவற்றில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. குடித்துவிட்டு ரகளை செய்ததற்கு விதித்த சாதாரண அபராதம் இப்போது ஒரு வருஷத்தில் காலாவதியாகிவிடுகிறது. அவ்வளவு தூரம் ஏன்? நம் நாட்டிலேயே சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் வழக்குப் பதிவை, மிகக் கொடிய குற்றங்கள் தவிர, உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. பதினெட்டு முடிந்து ஒரு வாரம் ஆன பையனுக்கு அந்த இரக்கம் முழுசாக நின்றுபோகிறது. வகுப்பறையில் பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் புத்தியில் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

என் தங்கை வீட்டுக்காரர் இதைக் கேட்டதும், "குடிக்காம இருந்தா ஒரு பிரச்சனையும் இல்லையே மச்சான்" என்றார். வாஸ்தவம். ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். காசு உள்ளவர் ஹோட்டல் பாரில் குடிக்கிறார். வீட்டு மாடியில் குடிக்கிறார். டிரைவர் கொண்டுபோய் விடுகிறார். அவர் மீது எந்த வழக்கும் வருவதில்லை. கடையில் வாங்கிவிட்டு உட்கார இடமில்லாமல் ஏரிக்கரைக்குப் போகிறவன் மீதுதான் வருகிறது. குடித்தது இரண்டு பேரும். பதிவு ஒருவனுக்கு மட்டும். அரசு வேலைதான் கரையேறும் ஒரே வழி என்று இருப்பவனும் அந்த ஒருவன்தான். பாட்டிலை விற்பது அரசு, அவனைப் பிடிப்பது அரசு, வேலை இல்லை என்பதும் அரசு. குறைந்தபட்சம், ஒப்புக்கொள்வதற்கு முன்னால் "தம்பி, இது உன் பெயரில் தண்டனையாகப் பதியும், வேலைப் படிவத்தில் கேட்பார்கள், வக்கீலிடம் பேசிவிட்டு வருகிறாயா" என்று இரண்டு வாக்கியம் தமிழில் சொல்ல வேண்டாமா? அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

சட்டம் மாறும் வரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நான் வக்கீல் இல்லை. வக்கீலாக இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி படித்துச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

ஒன்று. பிடிபட்டால் அவசரத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் மறுக்கவும் வேண்டாம். வக்கீலிடம் பேச வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். கைதானவர் தான் விரும்பும் வக்கீலைக் கலந்து பேசுவது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தரும் உரிமை. காசு இல்லை என்றால் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் அதற்குத் தகுதி உண்டு.

இரண்டு. செய்தது உண்மைதான் என்றால், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருப்பதை வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்கள். முதல் தடவை தவறியவரைக் கண்டித்து விடவோ, நன்னடத்தை உறுதி வாங்கி விடவோ நீதிபதிக்கு அது அதிகாரம் தருகிறது. அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு வராது என்கிறது 12-ஆவது பிரிவு. எல்லாக் கதவையும் அது திறக்காது. ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் மீது துறை நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது என்று 1985-இல் சங்கர் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, ஸ்கூட்டரைத் தடை செய்த இடத்தில் நிறுத்தியதற்குத் தண்டனை பெற்ற ஊழியரை அதற்காக டிஸ்மிஸ் செய்வது முறையாகாது என்ற பொருளில் ஓர் உதாரணத்தையும் சொன்னது. அதிகாரம் இருந்தால் அதை நியாயமாகப் பயன்படுத்தணும் என்பது அதன் சாரம்.

மூன்று. முடிந்த வழக்கு எதுவானாலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். எந்தப் பிரிவு, எவ்வளவு அபராதம், என்ன தேதி என்று அதுதான் பேசும். "ஏதோ ஒரு கேஸ்" என்பதற்கும் "பொது இடத்தில் போதை, அபராதம் மட்டும்" என்பதற்கும் பார்க்கிற அதிகாரியின் மனசில் நிறைய வித்தியாசம் உண்டு.

நான்கு, இதுதான் முக்கியம். படிவத்தில் மறைக்காதீர்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாகப் பேசியது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால்கூட, வேலை தருபவர் தம் விருப்ப அதிகாரத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. உள்ளதை உள்ளபடி சொன்னவர் விஷயத்தில் முன்வரலாற்றைப் பரிசீலிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு, கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றும் சொன்னது. ஆக, சொன்னால் வேலை உறுதி என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் சொன்னவனுக்காக வாதாட நாலு நியாயம் இருக்கும். மறைத்தவனுக்காக வாதாடப் போனால், பேச்சு குடியைப் பற்றி இருக்காது, பொய்யைப் பற்றித்தான் இருக்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பையன் ஸ்டேஷனில் இருக்கிறான் என்று போன் வந்தால் கோபம் வரும். வரட்டும். ஆனால் "அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்" என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் முடிகிற வழியைத் தேடுகிறார்கள். திட்டுவதை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள். அன்றைக்கு ஒரு வக்கீலோடு போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் இன்று போலீஸிலும் கோர்ட்டிலும் வேலை செய்கிறவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள். உங்களிடம் சலுகை எதுவும் கேட்கவில்லை. உங்கள் முன்னால் தலை குனிந்து நிற்கிற பையனிடம், கையெழுத்து வாங்குவதற்கு முன், அது எதற்கான கையெழுத்து என்று சொல்லுங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும்.

பழைய வழக்கு உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், கமெண்டில் எழுத வேண்டாம். தனியாக மெசேஜ் அனுப்புங்கள், அல்லது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். தீர்ப்பு நகலைக் கையோடு எடுத்து வாருங்கள்.